சைக்கிள் வீல் ஆடுகிறதா? அறிகுறி பார்த்துப் பெண்டு எடுக்கும் வழி

"வீல் ஆடுது, பெண்டு எடுக்கணும்" என்று சொல்லிக் கடையில் விட்டுவிட்டு வருவது எளிது. கோணிய ரிம்மை, கம்பிகளை (ஸ்போக்) இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதுதான் பெண்டு எடுப்பது. ஆனால் வீல் ஆடுகிறது என்பதற்காக ரிம்தான் கோணியிருக்க வேண்டும் என்பதில்லை. டயர் சரியாக உட்காராமல் இருக்கலாம். வீலின் நடுவில் உள்ள ஹப்பில், பால்ஸை (பேரிங் குண்டுகளை) பிடித்து நிற்கும் கோன் தளர்ந்திருக்கலாம். ஹப்பின் நடுத்தண்டான ஆக்சில் வளைந்திருக்கலாம். பஞ்சர் ஒட்டிவிட்டுப் பின் நட்டை இறுக்கும்போது வீல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். இதில் எதற்கும் நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டை, தொட வேண்டிய வேலையே இல்லை. தொட்டால் நன்றாக இருந்த ரிம்மும் சேர்ந்து கெடும். அதனால் முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பியைத் திருகுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு: 28 அங்குலக் கறுப்பு சைக்கிள், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள், 26 அங்குல கியர் சைக்கிள். பந்தய சைக்கிளுக்கும் அடிப்படை இதுதான், கைக்கணக்கு மட்டும் இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

கறுப்பு சைக்கிளில் ஸ்டாண்டு போட்டால் பின் வீல் தானாக அந்தரத்தில் நிற்கும். மற்ற வண்டிகளைச் சாக்கு விரித்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி தலைகீழாக நிறுத்துங்கள். ஆட்டத்தை அளக்க விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை ஃபோர்க்கில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அதன் நுனி ரிம்மின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். பின் வீலுக்கு அதே குச்சியை ஃபிரேமின் பின் குழாயில் கட்டிக்கொள்ளலாம். கேபிள் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் கட்டையே குச்சி வேலையைச் செய்யும்.

வீலை மெதுவாகச் சுற்றிவிட்டு, டயரைப் பார்க்காமல் ரிம்மின் விளிம்பை மட்டும் பாருங்கள். கண் இயல்பாக டயரின் மீதுதான் போகும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

டயர் ஆடுகிறது, ரிம் நேராக ஓடுகிறது

டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு வார்த்திருப்பார்கள். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே புதைந்தோ வெளியே துருத்தியோ இருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு கையாலும் சுற்றிலும் பிசைந்துவிட்டு மறுபடி காற்றடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் டயருக்கு அடியில் மாட்டிக்கொள்வது வழக்கம். காற்றடிக்கும் முன் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி எடுத்தால் அது விடுபடும்.

கோடு ஒழுங்காக இருந்தும் டயர் ஒரு இடத்தில் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது, டயரை மாற்றுங்கள்.

ரிம்மைப் பிடித்து அசைத்தால் 'கடக் கடக்' என்கிறது

வீலைச் சுற்றாமல் நிறுத்தி, ரிம்மை ஒரு கையால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஹப்பில் ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே பால்ஸ் தேய்ந்திருக்கிறது. கோன் தளர்ந்த வீலில் பெண்டு எடுக்கவே முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ரிம் வேறு வேறு இடத்தில் நிற்கும், குச்சியும் வேறு வேறு கதை சொல்லும்.

கோனை இறுக்குவதில் அளவு இதுதான்: அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் வீலைச் சும்மா விட்டால் வால்வின் எடையிலேயே அது மெதுவாகச் சுழன்று, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். அப்படி வராமல் நின்ற இடத்திலேயே நின்றால் கோன் அதிகமாக இறுகியிருக்கிறது. நெம்புகோலை மடக்கி மாட்டும் குவிக் ரிலீஸ் வீல்களில் மட்டும், வெளியே இருக்கும்போது துளி ஆட்டத்தை விட்டுவைக்க வேண்டும். நெம்புகோலை மடக்கியதும் அது மறைந்துவிடும். பிரித்துப் பார்க்கும்போது கோனில் குழி விழுந்திருந்தால் கிரீஸ் வைத்து ஏமாற்றாமல் கோனையும் பால்ஸையும் சேர்த்து மாற்றுங்கள். பொதுவாக முன் வீலுக்கு 3/16 அங்குலம், பின் வீலுக்கு 1/4 அங்குலப் பால்ஸ். கடையில் பழையதைக் காட்டி வாங்கினால் குழப்பமில்லை.

வீலைக் கழற்றி ஆக்சிலைக் கையால் சுற்றும்போது அதன் முனை வட்டம் போட்டால் ஆக்சில் வளைந்துவிட்டது. கேரியரில் பாரம் ஏற்றும் வண்டிகளில் பின் ஆக்சில் இப்படித்தான் போகும். நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்.

ரிம் நேராகச் சுற்றுகிறது, ஆனால் நடுவில் இல்லை

ரிம் ஆடாமல் ஓடுகிறது, ஆனால் ஒரு பக்கம் ஃபோர்க்கை ஒட்டியே ஓடுகிறது. பின் வீல் என்றால் முதலில் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். செயின் இறுக்கத்துக்காக வீலை நகர்த்தும் காடி உள்ள வண்டிகளில், வலது நட்டை இறுக்கும்போதே அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். ரிம்மைக் கையால் நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும்.

அப்படியும் சரியாகவில்லையா? டிஸ்க் பிரேக் இல்லாத முன் வீலாக இருந்தால் கழற்றி, இட வலம் மாற்றி மாட்டுங்கள். ஒதுங்கல் இப்போது எதிர்ப்பக்கம் போனால் வீலில் தப்பு: ஒரு பக்கக் கம்பிகள் மொத்தமாக அதிகம் இழுக்கின்றன. ஒதுங்கல் அதே பக்கம் இருந்தால் வீல் சரி, ஃபோர்க் வளைந்திருக்கிறது. ஃபோர்க் வளைந்த வண்டிக்கு வீலில் பெண்டு எடுத்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. பார்வைக்குச் சரியாகத் தெரியும், கையை விட்டு ஓட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வீலிலேயே தப்பு என்றால், ஒதுங்கியிருக்கும் பக்கத்துக் கம்பிகள் எல்லாவற்றையும் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் எல்லாவற்றையும் கால் சுற்று இறுக்குங்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது, வால்வு ஓட்டையில் ஆரம்பித்து வால்வு ஓட்டையில் முடியுங்கள்.

ரிம் ஒரு இடத்தில் மட்டும் ஒதுங்குகிறது

பெண்டு எடுப்பது என்று நாம் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

ரிம்மை நடுவில் நிறுத்தி வைப்பது கம்பிகளின் இழுவை. பாதிக் கம்பிகள் ஹப்பின் இடப்பக்கத் தட்டிலிருந்து வந்து ரிம்மை இடப்பக்கம் இழுக்கின்றன, மறுபாதி வலப்பக்கம் இழுக்கின்றன. 36 கம்பி வீலில் பக்கத்துக்கு 18. பழைய 28 அங்குல வண்டிகளில் முன்னே 32, பின்னே 40 என்று போடுவது வழக்கம், பாரம் பின்னே ஏறுவதால். ஒரு இடத்தில் ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால், அங்கே இடக்கம்பி ஜெயித்துவிட்டது, வலக்கம்பி தோற்றுவிட்டது என்று அர்த்தம். வலக்கம்பியை இறுக்கலாம், இடக்கம்பியைத் தளர்த்தலாம். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதுதான் முறை. இறுக்க மட்டுமே செய்தால் ரிம் அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு, ஆட்டம் போய் குதிப்பு (ரிம் மேலும் கீழும் ஆடுவது) வந்துவிடும்.

எந்தப் பக்கம் திருகுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நிப்பிளை ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் திசை தலைகீழாகத் தெரியும். குழப்பம் வராமல் இருக்க ஒரு வழி: வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, வீலின் உச்சியில் இருக்கும் நிப்பிளில் மட்டும் வேலை செய்யுங்கள். டயருக்கு மேலிருந்து கீழே பார்க்கும்போது, சாவியைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த் திசையில் தளரும். அடுத்த நிப்பிளுக்கு வீலைச் சுற்றி அதையும் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். வண்டி தலைகீழாக இருப்பதால் இடம் எது வலம் எது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கண்ணுக்கு ரிம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதுதான் கணக்கு.

கையில் வேண்டியது ஒரு நிப்பிள் சாவி. வட்டமாக, சுற்றிலும் வெவ்வேறு அளவில் வெட்டு உள்ள சாவி எந்த சைக்கிள் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். வெட்டுகளில் எது சிரமப்பட்டு நுழைகிறதோ அதுவே சரியான அளவு. லொடலொடவென்று நுழையும் வெட்டில் திருகினால் நிப்பிளின் முனை மழுங்கும். இறக்குமதி வண்டிகளில் 3.23 மி.மீ., 3.45 மி.மீ. என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சாவி மாறினால் நிப்பிள் வீண்தான்.

இப்போது வேலை. வீலைச் சுற்றி, குச்சியில் ரிம் எங்கே உரச ஆரம்பிக்கிறது, எங்கே விடுகிறது என்று பார்த்து இரண்டு இடத்திலும் சாக்பீஸால் குறியிடுங்கள். நடு இடம்தான் ஒதுங்கலின் உச்சம். உச்சத்தில் இருக்கும் எதிர்ப்பக்கக் கம்பியை அரைச் சுற்று இறுக்குங்கள். அதன் இரண்டு பக்கத்திலும் உள்ள, ஒதுங்கிய பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒதுங்கல் நீளமாக இருந்தால் ஓரங்களை நோக்கிப் போகப் போக அளவைக் குறைத்துக்கொண்டே போங்கள். சாதாரண 2 மி.மீ. கம்பியில் ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது சுமார் 0.45 மி.மீ. தான், கால் சுற்று என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் ரிம் அதைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

நிப்பிளைத் திருகும்போது மெல்லிய கம்பி தானும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வேலை முடிந்தது என்று நினைத்து ஓட்டினால் 'டிங், டிங்' என்று சத்தம் வந்து, முறுக்கு அவிழ்ந்து, ஆட்டம் பாதி திரும்பிவிடும். அதனால் வேண்டிய அளவைத் தாண்டிக் கொஞ்சம் அதிகம் திருகி, அந்த அதிகத்தைத் திருப்பி எடுங்கள். கடைசியில், ஒரே பக்கத்தில் ஏறக்குறைய இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையில் பிடித்துச் சுற்றிலும் அழுத்தமாகப் பிசைந்து விடுங்கள். கம்பிகள் உட்கார்ந்துகொள்ளும். பிசைந்த பிறகு மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும், சலிக்காதீர்கள்.

கியர் வண்டியின் பின் வீலில் ஒரு நுணுக்கம் உண்டு. பற்சக்கரங்கள் வலப்பக்கம் இடம் பிடித்துக்கொள்வதால் வலக்கம்பிகள் கிட்டத்தட்ட நேராக நிற்கும், இறுக்கமும் அதிகம். இடக்கம்பிகள் சாய்வாக நிற்கும், இறுக்கம் குறைவு. எனவே பக்கவாட்டு ஆட்டத்துக்கு இடக்கம்பிகள்தான் நன்றாகக் கேட்கும். வலக்கம்பியைத் திருகினால் ரிம் பக்கவாட்டில் நகர்வதைவிட மேலும் கீழும் நகர்வது அதிகம். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் வரவேண்டும் என்று முயன்றால் ரிம் நடுவை விட்டுப் போய்விடும்.

எவ்வளவு நேராக்க வேண்டும்? பக்கவாட்டில் பிடிக்கும் கேபிள் பிரேக் என்றால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் அருமை, ஒரு மில்லிமீட்டர் பரவாயில்லை. கறுப்பு சைக்கிளின் கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் பிரேக்) ரிம்மைப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, ஹப்பைப் பார்த்த முகத்தில் வெளிநோக்கி அழுத்துகிறது. அதனால் அதில் பக்கவாட்டு ஆட்டம் இன்னும் கொஞ்சம் இருந்தாலும் வண்டி ஓடும், குதிப்புதான் தொல்லை. ஈர்க்குச்சியில் துளிகூட உரசக் கூடாது என்று பிடிவாதமாக மாலை முழுக்கத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை. அடுத்த வேகத்தடையில் அந்த நுணுக்கம் எல்லாம் போய்விடும்.

வீல் குதிக்கிறது

குச்சியை இப்போது ரிம்மின் வெளி விளிம்புக்கு மேலே, குறுக்காகக் கட்டுங்கள். டயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், டயரின் கோளாறையும் ரிம்மின் கோளாறையும் பிரிக்கலாம்.

ரிம் ஒரு இடத்தில் மேடாக இருந்தால் அங்கே உள்ள இட, வலக் கம்பிகளைச் சோடியாகச் சம அளவு இறுக்குங்கள். சோடியாக இறுக்கினால் ரிம் பக்கவாட்டில் நகராமல் உள்ளே மட்டும் இறங்கும். தாழ்வாக இருந்தால் சோடியாகத் தளர்த்துங்கள். மேட்டை இறக்குவது எளிது, பள்ளத்தை ஏற்றுவது கடினம். கம்பியால் ரிம்மை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. காற்று குறைந்த டயரோடு குழியில் இறங்கி ரிம் சப்பையாகிவிட்டால் கம்பியில் அது பாதிதான் சரியாகும். இரும்பு ரிம் என்றால் அனுபவமுள்ள கடைக்காரர் மரக்கட்டை வைத்துச் சுத்தியால் தட்டி எடுப்பார். அலுமினிய ரிம்மில் அந்த வேலை வேண்டாம், விரிசல் விடும்.

குதிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதை ஆரம்பிக்காதீர்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கலையும். மாறி மாறித்தான் போக வேண்டும்.

நிப்பிள் அசையவே இல்லை

நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சாதாரணம். உப்புக் காற்றில் கம்பியும் நிப்பிளும் ஒன்றாகத் துருப்பிடித்துவிடும். பலத்தைக் காட்டினால் நிப்பிள் மழுங்கும், இல்லாவிட்டால் கம்பி முறுக்கி அறும். துரு இளக்கும் ஸ்பிரேயோ மெல்லிய மெஷின் எண்ணெயோ எடுத்து, நிப்பிளுக்குள் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சொட்டு, நிப்பிள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் ஆகும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாள்பட்டால் பிசினாகிவிடும். காலையில் முதலில் கால் சுற்றுத் தளர்த்துங்கள். 'கடக்' என்று விட்டால் அதன் பிறகு இறுக்கலாம். நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து சுற்றினால் கம்பியைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழுங்கிய நிப்பிளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. டயர், டியூப், ரிம் டேப்பைக் கழற்றினால் நிப்பிளின் தலை தெரியும், பெரும்பாலான நிப்பிள்களில் திருப்புளி வைக்க ஒரு காடியும் இருக்கும். அதுவும் பயன்படாவிட்டால் கம்பியை வெட்டிப் புதிது போடுங்கள். நிப்பிள் விலை பெரிதில்லை.

வேலை முடிந்ததும் ரிம்மில் பிரேக் படும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிடுங்கள். இதை மறந்தால் முதல் முக்கிலேயே பிரேக் நினைவுபடுத்தும்.

கம்பி அறுந்துவிட்டது

ஒரு கம்பி அறுந்தால் ரிம் உடனே எதிர்ப்பக்கம் ஒதுங்கும். நடுவழியில் என்றால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கேரியரில் ஆள் ஏற்றாமல் மெதுவாக வீடு வரலாம். மற்ற கம்பிகளைத் திருகி இந்த ஒதுங்கலை மறைக்காதீர்கள். புதுக் கம்பி போட்டதும் அதெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பும்.

பெரும்பாலும் கம்பி அறுவது ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில். இறுக்கம் அதிகமானதால் அறுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் தளர்வுதான் அறுக்கும். வீல் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரைக்கு நேரே வரும் கம்பியின் இறுக்கம் குறைந்து, மேலே போகும்போது கூடுகிறது. ஏற்கெனவே தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து தொய்ந்து இறுகும். இரும்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல, முழங்கை அலுத்துப்போய் ஒரு நாள் விட்டுவிடும். ஒன்று அறுந்த வீலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று அறுந்தால், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதைவிட எல்லாக் கம்பியையும் புதிதாகக் கட்டிவிடுவது மலிவு.

புதுக் கம்பி வாங்கப் போகும்போது அறுந்த இரண்டு துண்டையும் எடுத்துப் போங்கள். நீளத்தை முழங்கையின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளப்பார்கள். முன் வீல் கம்பியும் பின் வீல் கம்பியும் ஒரே நீளம் என்று நம்பாதீர்கள். கியர் வண்டியின் பின் வீலில் இடக்கம்பிக்கும் வலக்கம்பிக்கும்கூட ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும்.

மாட்டும்போது எதை எதற்கு மேலே விடுவது என்று தெரியவில்லையா? ரிம்மில் அறுந்த இடத்திலிருந்து நான்காவது கம்பியைப் பாருங்கள். அது அதே தட்டிலிருந்து, அதே திசையில், அதே மாதிரிப் பின்னியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே போடுங்கள். முன் வீலிலும் பின் வீலின் இடப்பக்கத்திலும் இதை வீட்டிலேயே செய்யலாம். பின் வீலின் வலப்பக்கம் என்றால் ஃப்ரீவீலை (பின் பற்சக்கரத்தை) கழற்ற வேண்டும், அதற்குத் தனிச் சாவி வேண்டும். கடைக்குப் போவதே மேல்.

பெண்டு எடுத்த பிறகு அடிக்கடி பஞ்சர்

டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டயர்ப் பக்கம் இல்லாமல் ரிம் பக்கம் இருந்தால் ஆணி, முள் எல்லாம் குற்றவாளி இல்லை. இறுக்கிய கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு டியூபைக் குத்துகிறது. ரிம் டேப்பைக் கழற்றி, விரலால் தடவினால் எந்த முனை என்று தெரிந்துவிடும், ஆனால் கவனம், அது விரலையும் விடாது. அரத்தால் நிப்பிள் மட்டத்துக்கு ராவிவிட்டு ரிம் டேப்பைப் புதிதாகப் போடுங்கள். பழைய டியூபை வெட்டி டேப்பாகப் போடும் பழக்கம் ஒற்றைச் சுவர் ரிம்முக்குப் போதும். இரட்டைச் சுவர் ரிம்மில், அதாவது உள்ளே குழாய் போலக் கூடுள்ள ரிம்மில், காற்று அழுத்தத்தில் அந்த ரப்பர் ஓட்டைக்குள் புதைந்துவிடும், துணி டேப் வாங்குங்கள்.

எடுத்த பெண்டு சீக்கிரமே திரும்பி வருகிறது

கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் இல்லாத முன் வீலில் இரண்டு பக்கமும் ஒரே சுருதி. கியர் வண்டிப் பின் வீலில் வலப்பக்கம் சுருதி ஏறியிருக்கும், அது இயல்பு. ஒன்று 'டண்' என்றும் அடுத்தது 'டொப்' என்றும் ஒலித்தால், ரிம் நேராக இருப்பது பார்வைக்கு மட்டும்தான். இறுகிய ஒன்றும் தளர்ந்த ஒன்றும் சேர்ந்து அதைத் தற்காலிகமாக நேராக வைத்திருக்கின்றன. தளர்ந்த கம்பியின் நிப்பிள் ஓட்டத்தில் தானாகவே கழன்று வரும். ஒவ்வொரு முறையும் இறுக்கியே பெண்டு எடுத்த வீல்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும்.

சுருதி தாழ்ந்த கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அதே பக்கத்தில் பக்கத்திலிருக்கும் சுருதி ஏறிய கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, ரிம்மின் நேர் கலையாமல் சமன் செய்துகொண்டு வாருங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் இதைச் செய்த வீல் நிற்கும்.

இன்னொரு காரணம், ரிம்மில் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல். அலுமினிய ரிம்களில் பின் வீல் வலப்பக்கத்தில் இதைத் தேடுங்கள். இருந்தால் ரிம்மை மாற்றுவது தவிர வழியில்லை.

சுற்றுக்கு ஒரு முறை 'சர்' என்று உரசுகிறது

டிஸ்க் பிரேக் வண்டியில் இந்தச் சத்தத்துக்கும் ரிம்முக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க் தட்டு கொஞ்சம் வளைந்திருக்கிறது, அல்லது வீல் காடியில் நேராக உட்காரவில்லை. முதலில் நட்டைத் தளர்த்தி வீலை உட்காரவைத்துப் பாருங்கள். தட்டுதான் வளைந்திருந்தால், எண்ணெய் படாத சுத்தமான அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் அந்த இடத்தை மட்டும் மிக மெல்ல நிமிர்த்தலாம். டிஸ்க்கில் கையை வைக்காதீர்கள், ஓடி வந்த சூடும் ஆகாது, கைப் பிசுக்கும் ஆகாது.

ரிம் பிரேக்கில், பிடிக்கும்போது ஒரே இடத்தில் வெட்டி வெட்டிப் பிடித்தால் ரிம்மின் இணைப்பைத் தடவிப் பாருங்கள். வால்வுக்கு நேர் எதிரே இருக்கும். அங்கே மேடு தட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே போதும்.

வீல் எட்டுப் போட்டுவிட்டது

மோதியோ, முன் வீல் திரும்பி மடங்கியோ ரிம் 8 போல முறுக்கிக்கொண்டால் நிப்பிளில் கை வைத்துப் பயனில்லை. கடைகளில் கம்பிகளைத் தளர்த்தி, தூக்கிய பக்கத்தைத் தரையில் அமுக்கி ஏறக்குறைய நேராக்கிய பிறகு கம்பி இழுப்பார்கள். இரும்பு ரிம்மில், மடிப்பு விழாமல் இருந்தால், வீடு போய்ச் சேரும் அளவுக்கு இது வேலை செய்யும். மடிப்பு விழுந்த ரிம்மை, முக்கியமாக முன் வீலில், திரும்ப நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஹப் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு புது ரிம் கட்டலாம்.

கடையில் விடும்போது

அறுந்த கம்பி இல்லாத, ஓரிரு இடத்தில் மட்டும் ஒதுங்கும் வீலை வீட்டில் எடுக்கலாம். சப்பையான ரிம், வரிசையாக அறும் கம்பி, ஃப்ரீவீல் கழற்றும் வேலை, எட்டு எல்லாம் கடைக்கு. கூலி பேசும் முன் வேலை எது என்று பிரித்துக் கேளுங்கள்: பெண்டு எடுப்பது ஒரு கூலி, கம்பி மாற்றுவது ஒரு கூலி, புது ரிம் கட்டுவது முழுக்க வேறு.

"அண்ணே, வீல் ஆடுது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு நேரமிருக்கும் அளவுக்குத்தான் பார்ப்பார். "அண்ணே, கோன் பார்த்துட்டேன், ஆட்டம் இல்ல. பின் வீல் வால்வுக்கு எதிர்ப்பக்கம் வலது பக்கமா ஒதுங்குது. இறுக்கி மட்டும் விடாம தளர்த்தியும் எடுங்க" என்று சொன்னால் சொன்னதிலேயே வேலை பாதி முடிந்தது. "தம்பி, இது கம்பியில வராது, ரிம்மே சப்பையாயிருச்சு" என்று அவர் சொன்னால், வீலைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், சுற்றிக் காட்டுவார்.

வண்டியை வாங்கும்போது அங்கேயே வீலைச் சுற்றிப் பாருங்கள், கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள், இரண்டு நட்டும் இறுகியிருக்கிறதா, பிரேக்கைத் திரும்ப மாட்டிவிட்டாரா என்று பாருங்கள். வேலைக்காகக் கழற்றிய பிரேக் கேபிளை மாட்ட மறப்பது எல்லாக் கடையிலும் நடக்கிற விஷயம். புதுக் கம்பி போட்ட வீல் என்றால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஒரு முறை மறுபடி காட்ட வேண்டும். அதற்குக் கூலி உண்டா இல்லையா என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.